மாடியில் ஏரியல் கட்டலாமா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே பேசப் போகிறேன். எழுதியவர் திருவொற்றியூரில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு மாணவர். ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கி வந்து, தானே ஒரு குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்திருக்கிறார். ஒரே ஒரு டிரான்சிஸ்டர், கையால் சுற்றிய காயில், ஒரு டிரிம்மர், ஒரு கண்டென்சர் மைக், ஒன்பது வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். பேசினால் பக்கத்து வீட்டு ரேடியோவில் தெளிவாகக் கேட்கிறதாம். அதற்கும் அடுத்த வீட்டில் வெறும் இரைச்சல். மொட்டை மாடியில் ஒரு ஜி.ஐ. பைப்பை நட்டு அதன் உச்சியில் ஏரியல் கட்டினால் தெரு முழுக்கக் கேட்கும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். “கட்டலாமா சார்? எத்தனை அடி உயரம் வரைக்கும் சட்டம் விடும்?” என்பது அவர் கேள்வி.

கடிதத்தின் கடைசி வரிதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. அவருடைய அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். புயல் நேரத்தில் கரண்ட் போய், செல்போனும் செத்துவிட்டால் தெருவில் யாருக்கும் ஒரு தகவலும் தெரிவதில்லை, அதனால்தான் இந்த யோசனை வந்தது என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். எஃப்.எம். அலைவரிசையில் ஒலிபரப்ப வேண்டுமென்றால், கருவி எத்தனை சிறியதானாலும், ஏரியல் எத்தனை குட்டையானாலும், நம் நாட்டில் அனுமதி வேண்டும். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இந்த உரிமை முழுவதையும் அரசின் கையில் வைத்தது. 1933-இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒரு படி மேலே போய், உரிமம் இல்லாமல் வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ரேடியோ கேட்பதற்கே தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி, உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வந்த காலம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். கேட்பதற்கான அந்த உரிமம் 1980களின் நடுவில் ஒழிந்தது. பேசுவதற்கான உரிமம் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த இரண்டு சட்டங்களின் இடத்தில் 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. அதிலும் அனுமதியில்லாத ஒலிபரப்புக்குச் சிறையும் பெரிய அபராதமும் உண்டு.

“வேண்டாம்” என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏன் வேண்டாம், வேறு எப்படி முடியும், சட்டம் எங்கே இன்னும் கொஞ்சம் இறங்கி வரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பதிலாகும்.

பவர் ஏறினால்தான் தூரம் கூடும் என்று பலரும் நினைக்கிறோம். எஃப்.எம்.மைப் பொறுத்தவரை உயரத்துக்கும் பாதிப் பங்கு உண்டு. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. கண்ணுக்கு அடிவானம் எங்கே முடிகிறதோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் இவற்றின் எல்லையும் முடிந்துவிடும். ஆள் உயரத்தில் நின்று பார்த்தால் கடலில் அடிவானம் ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே முடிகிறது. 10 மீட்டர் உயரத்தில் ஏறினால் 11 கி.மீ., 30 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 20 கி.மீ. கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குப்பத்து வீடுகள் மறைந்து வெகு நேரம் ஆன பிறகும் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கண்ணில் நிற்பது அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

ஏரியலின் நீளமும் முக்கியம். 90.4 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 3.3 மீட்டர். அதில் பாதி, அதாவது ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கம்பி இருந்தாலே நல்ல ஏரியல் ஆகிவிடும். மத்திய அலையில் சென்னை ‘ஏ’ வானொலி நிலையம் வரும் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலையின் நீளம் 400 மீட்டருக்கும் மேல். கால்வாசி வைப்பதென்றாலும் 100 மீட்டர் கோபுரம் வேண்டும். அமெரிக்காவில் மத்திய அலையில் உரிமம் இல்லாமல் 100 மில்லிவாட் வரை ஒலிபரப்பலாம் என்று விட்டுவிட்டு, ஏரியலும் அதற்குப் போகும் கம்பியும் தரைக்கம்பியும் சேர்ந்து மூன்று மீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஏன் கட்டினார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். 400 மீட்டர் அலைக்கு மூன்று மீட்டர் கம்பி எம்மாத்திரம்? சக்தியில் பெரும்பகுதி வெளியே போகாமல் வீணாகிவிடும். எஃப்.எம்.முக்கு அங்கே கம்பியை அளப்பதில்லை, கருவியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி அலையின் வலிமையை அளக்கிறார்கள். அந்த வரம்புக்குள் நின்றால் ஒலிபரப்பு 200 அடி போனாலே பெரிது. ஜப்பானிலும் இப்படி மிக வலுவற்ற ஒலிபரப்புக்கு உரிமம் வேண்டியதில்லை. அந்தச் சின்ன இடைவெளியைப் பிடித்துக்கொண்டு 1980களில் டெட்சுவோ கோகாவா என்பவரும் அவருடைய மாணவர்களும் டோக்கியோவில் ‘மினி எஃப்.எம்.’ நிலையங்களைத் தொடங்கினார்கள். நிலையத்துக்கு நடந்தே வந்துவிடக் கூடிய தூரத்தில்தான் அதன் நேயர்கள் இருந்தார்கள். பிடித்தவர்கள் நேரில் வந்து பேசிவிட்டும் போனார்கள்.

திருவொற்றியூருக்கு வருவோம். தம்பி, உங்கள் கருவியைப் பற்றி நீங்களே ஒன்று எழுதியிருந்தீர்கள்: காயில் பக்கம் கையைக் கொண்டுபோனால் நிலையம் நகர்ந்துவிடுகிறது, 98-இல் கேட்டது 99-க்குப் போய்விடுகிறது என்று. ஒற்றை டிரான்சிஸ்டர் கருவிகள் எல்லாவற்றுக்கும் உள்ள குணம் இது. கை பட்டாலே அலைவரிசை மாறும் என்றால், மாடியில் காற்றுக்கு ஆடும் ஒரு கம்பியை அதோடு சேர்த்தால் என்ன ஆகும்? இன்று ஒரு நிலையத்தின் மேல் போய் உட்காரும், நாளை வேறொன்றின் மேல். 88 முதல் 108 வரைதான் எஃப்.எம். 108-ஐத் தாண்டியதுமே விமானங்களுக்கான அலைவரிசை ஆரம்பம். தரையில் உங்கள் ஒலி இரண்டு தெருவோடு நின்றுவிடலாம். மேலே போகும் விமானத்துக்கு நடுவில் கட்டடமோ மரமோ தடுப்பது கிடையாது. நகரத்து மாடிகள் அத்தனையும் அதற்கு ஒரே சமயத்தில் நேர்ப் பார்வையில் இருக்கின்றன. சரியாக வடிகட்டாத கருவி தன் அலைவரிசையோடு நிற்காமல் வேண்டாத வேறு அலைவரிசைகளிலும்கூடச் சத்தம் போடும். நமக்கோ பக்கத்திலேயே துறைமுகங்கள். கப்பல்களும் படகுகளும் அவசர அழைப்புக்கு வைத்திருக்கும் 16-ஆம் சேனலை நம்பித்தான் உங்கள் அப்பாவும் கடலில் இருக்கிறார். இந்த விஷயத்தில் சட்டத்தின் அச்சம் நியாயமானது. அதை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன்.

ஆனால் அதே சட்டம் எளிய மனிதர்கள் மேல் எப்படி இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பீகாரில் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூர் கிராமத்தில் ராகவ் மகதோ என்ற இளைஞர் ரேடியோ பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருந்தார். 2003 வாக்கில், ஏறக்குறைய ஐம்பது ரூபாய்ச் செலவில் தானே ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்தார். பக்கத்தில் இருந்த மூன்று மாடி மருத்துவமனையின் மேல் ஒரு மூங்கில் கம்பை நட்டு அதில் ஏரியலைக் கட்டினார். உங்கள் நண்பர்கள் சொன்ன அதே யோசனைதான். ‘ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1’ என்று பெயர். பாட்டு போட்டார்கள், போலியோ சொட்டு மருந்து பற்றிச் சொன்னார்கள், ஊர்ச் செய்தி சொன்னார்கள். சுற்று வட்டாரமே அதைக் கேட்டது. 2006 பிப்ரவரியில் பி.பி.சி. இதைப் பற்றி எழுத, உலகம் முழுக்கப் பேச்சானது. அடுத்த மாதமே அதிகாரிகள் வந்து நிலையத்தை மூடினார்கள். உரிமம் என்று ஒன்று வாங்க வேண்டும் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

அதற்கும் முன்னால் ஆந்திராவில் கர்னூல் மாவட்டத்து ஓர்வகல்லில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ‘மன ரேடியோ’ என்று ஒன்றை நடத்தின. தொடங்கியது 2002 அக்டோபரில். ஊருக்குள் மட்டும் கேட்கும் சின்ன ஒலிபரப்பு. 2003 தொடக்கத்தில் அதிகாரிகள் வந்து கருவியை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்களால் எந்த விமானத்துக்கு ஆபத்து வந்தது என்று இன்றுவரை யாரும் சொன்னதாக நான் படித்ததில்லை.

இதில் எனக்கு ஆதங்கம் கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னையில் வானொலியைத் தொடங்கி வைத்தவர்களே ஆர்வலர்கள்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் 1924 மே மாதம் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பையும் ஆரம்பித்துவிட்டார்கள். அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறக்காத காலம். அவர்களிடம் முதலில் இருந்த டிரான்ஸ்மிட்டர் 40 வாட். இன்று ஒரு சமுதாய வானொலி வைத்திருக்கும் கருவியைவிடச் சின்னது. சந்தா கட்டிய உறுப்பினர்களின் பணத்தில் ஓடி, பணமில்லாமல் 1927-இல் நின்றது. கருவியை மாநகராட்சி பெற்றுக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. ரேடியோ வாங்க முடியாதவர்களும் கேட்கட்டும் என்று மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கும் வரை, எட்டு ஆண்டுகள் இந்த நகரத்துக்குச் சொந்தமாக ஒரு வானொலி இருந்தது. ஒரு மாநகராட்சி தன் மக்களுக்குப் பாட்டும் பாடமும் ஒலிபரப்பிய அந்தக் கதையை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு தனிக் கட்டுரையாக அதை விரைவில் வெளியிடுவோம்.

பிறகு வெகு காலம் வானலை டெல்லியின் சொத்தாகவே இருந்தது. அதை மாற்றியது, யாரும் எதிர்பாராத விதமாக, ஒரு கிரிக்கெட் வழக்கு. போட்டியை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் நடந்த வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு கதவு மெல்லத் திறந்தது. 2002 இறுதியில், ‘சமுதாய வானொலி’ என்ற பெயரில் சிறு நிலையம் நடத்தக் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி. அதன்படி நாட்டிலேயே முதலாவதாக வந்தது நம் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1 அன்று. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. ராகவின் மூங்கில் கம்பு இறங்கிய அதே ஆண்டு.

தம்பி கேட்ட “எத்தனை அடி” என்ற கேள்விக்கு விடை இந்தச் சமுதாய வானொலி விதிகளில்தான் இருக்கிறது. ஏரியல் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 15 மீட்டருக்குக் கீழேயும் இருக்கக் கூடாது, பக்கத்தில் குடியிருப்பவர்கள் மேல் கதிர்வீச்சு அதிகம் படக் கூடாது என்பதற்காக. ஏரியல் வழியாக வெளியேறும் சக்தி 100 வாட் வரை. ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் வரை கேட்கும். இந்த எண்களை ராயபுரத்து, காசிமேட்டு வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு மாடிக் கட்டடம் ஏறக்குறைய 12, 13 மீட்டர். மாடியில் ஆறு மீட்டர் பைப்பை நட்டாலே விதி கேட்கும் உயரம் வந்துவிடுகிறது. தனிக் கோபுரம் வேண்டியதில்லை. உப்புக் காற்றுக்கு ஸ்டே கம்பிகள் துருப்பிடிக்கும், அதை மட்டும் அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் என்றால் தெற்கே துறைமுகம் முழுக்க, வடக்கே திருவொற்றியூர் தாண்டி, கிழக்கே கரைக்குப் பக்கம் மீன்பிடிக்கும் ஃபைபர் படகுகள் வரைக்கும் எட்டும்.

பாம்பனில் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 2016 ஆகஸ்ட் 15 முதல் அங்கே ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. காற்றின் வேகம், கடலின் நிலை, மீனவர்களுக்கான அறிவிப்புகள், அவர்களுடைய பாட்டு. சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கச் சமுதாய வானொலிக்கு அனுமதி இல்லை, ஆகாசவாணி செய்தியை மட்டும் அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் வானிலை, மின்தடை, குடிநீர், உள்ளூர் நிர்வாகம் தரும் பேரிடர் அறிவிப்பு ஆகியவை ‘செய்தி’ என்ற கணக்கில் வராது. நம் தேவையும் அதுதானே?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நகரத்தில் செல்போன் எப்படிச் செத்துக் கிடந்தது என்பதை நாம் பார்த்தோம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் வலையையும் படகையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்குள் போகும் அம்மோனியாக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது? காற்று எங்கிருந்து அடிக்கிறது? வீட்டுக்குள்ளேயே ஈரத்துணியோடு இருப்பதா, வெளியேறுவதா? இதைச் சொல்ல ஒரு குரல் வேண்டும். டார்ச் லைட் பேட்டரியில் ஓடும் முந்நூறு ரூபாய் ரேடியோவில் கேட்கும் குரல், அந்தத் தெருவின் பெயரைச் சொல்லி, அங்கே இருக்கிறவர்கள் பேசும் பேச்சில் பேசும் குரல்.

அதனால் மத்திய அரசிடம் நம் பத்திரிகை ஒரு கோரிக்கை வைக்கிறது. இன்றைய விதிப்படி விண்ணப்பிக்க மூன்று ஆண்டு பழமையான பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். கம்பம் நிற்கும் இடத்துக்குத் தனி ஒப்புதல், அலைவரிசைக்குத் தனி ஒப்புதல், பிறகு ஒப்பந்தம். எல்லாம் முடிந்து நிலையம் அமைக்கச் சில லட்சங்கள். மானியத் திட்டம் இருக்கிறது என்றாலும் ஒரு குப்பத்துப் பஞ்சாயத்துக்கோ மகளிர் குழுவுக்கோ இது பெரிய மலை. பூஜ்யத்துக்கும் இந்த 100 வாட்டுக்கும் நடுவில் படியே இல்லை. ஒரு தெருவுக்கு, ஒரு குப்பத்துக்குப் போதுமான ஒரு வாட் ஒலிபரப்புக்கு ஒரே ஒரு அலைவரிசையை ஒதுக்கி, பரிசோதித்து முத்திரையிட்ட கருவியை மட்டும் அனுமதித்து, பதிவு செய்தாலே போதும் என்று விதி செய்ய முடியாதா?

முடியும். ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். நம் வீடுகளில் வை-ஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-இல் உரிமத் தேவையை நீக்கியபோது, சக்திக்கு ஓர் உச்ச வரம்பு வைத்தார்கள். ஏரியல், அனுமதி பெற்ற கட்டடத்தின் கூரையிலிருந்து ஐந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அவ்வளவே. யாரும் விண்ணப்பம் போடவில்லை. நாடு முழுக்கக் கோடிக்கணக்கான கருவிகள் ஓடுகின்றன. மொட்டை மாடியில் ஐந்து மீட்டர் கம்பை நம்பி விட்ட அரசு, புயல் எச்சரிக்கை சொல்லவும் அதே ஐந்து மீட்டரைத் தரலாம். வதந்தி பரப்புவார்களே என்பார்கள். முகம் தெரியாதவன் செல்போனில் பரப்பும் வதந்தியோடு ஒப்பிட்டால், எந்த மாடியிலிருந்து யார் பேசுகிறார் என்று தெருவுக்கே தெரிந்த ஒலிபரப்பைப் பொறுப்பேற்கச் செய்வது எளிது.

அதுவரை, தம்பி, உங்கள் கைத்திறனை வீணாக்க வேண்டாம். ‘ஹாம்’ என்று சொல்லும் அமெச்சூர் ரேடியோவுக்கான தேர்வை எழுதுங்கள். பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் எழுதலாம். தேறினால் வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறி உங்களுக்கே உங்களுக்கு. ஏரியல் கட்டுவது, கருவி செய்வது எல்லாம் சட்டப்படியே பழகலாம். அதில் பாட்டுப் போடவோ ஊருக்கு ஒலிபரப்பவோ முடியாது, ஹாம் ஆபரேட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். ஆனால் 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில், போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும்தான் ஹாம் ரேடியோவில் தகவல்களை வெளியே அனுப்பினார்கள். அந்தத் திறமை உங்கள் தெருவில் ஒருவரிடம் இருந்தால் அது சின்ன விஷயமில்லை.

காசிமேடு முதல் எண்ணூர் வரை உள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் குழுக் கூட்டமைப்புகள், கல்லூரிகள் ஆகியவற்றுக்கு: உங்கள் அமைப்பு பதிவாகி மூன்று ஆண்டு ஆகியிருந்தால் சமுதாய வானொலிக்கு இன்றே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் நிரப்புவதில் தொடங்கி ஏரியல் நிறுத்துவது வரை ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கும் கட்டுரை அடுத்த இதழில் வருகிறது. எழுத்து வேலையில் உதவி தேவைப்பட்டால் நம் அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆட்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்